பத்தாம் வகுப்புக்கு முந்தைய கோடை: மகனை முழுநேரப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறான். ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் 41, அறிவியலில் 46, ஆங்கிலத்தில் 44 மதிப்பெண் பெற்றான். தமிழிலும் சமூக அறிவியலிலும் அறுபதைத் தாண்டிவிட்டான். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. எங்கள் ஊரில் உள்ள ஒரு டியூஷன் சென்டரில் மே மாதம் முழுவதும் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரை வகுப்பு நடத்தி, பள்ளி திறப்பதற்குள் கணிதம், அறிவியல் இரண்டிலும் பாதிப் பாடத்தை முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் 12,000 ரூபாய். என் கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார்; நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். என் தோட்டை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அவனோ வழக்கம் போல 15 நாள் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். கையில் எப்போதும் போன். என் அண்ணன் மகள் இப்படிக் கோடையில் படித்துத்தான் 478 வாங்கினாள். அதைச் சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறான். கணிதத்தில் தவறிவிடுவானோ என்ற பயத்தில் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அவனை வகுப்பில் சேர்க்கலாமா? இல்லை, வரும் வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்பலாமா? அனுப்பினால் என்ன கொடுத்தனுப்புவது?

— ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லாததால், உங்கள் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தோட்டை அடகு வைக்க வேண்டாம். அந்த ஏழு மணி நேர வகுப்பிலும் சேர்க்க வேண்டாம். அதற்காக விடுமுறை முழுவதும் அவன் புத்தகத்தைத் தொடாமல் இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோடையில் அவன் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் படிக்க வேண்டியது ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அவனுக்குப் பிடிபடாமலே கடந்துபோன பாடங்களை. பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு ஜூன் தொடங்கி மார்ச் வரை பத்து மாதம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க அவன் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பழைய பாடத்தை நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்கத்தான், பள்ளி திறந்துவிட்டால், ஆசிரியர்களான எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பயத்தைப் பற்றிப் பேசுவோம். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கும் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் உரியவை. கணித வினாத்தாளின் இப்போதைய அமைப்பின்படி, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகளில் பதினான்கு வினாக்கள் கொடுத்துப் பத்துக்கு விடை எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வினா மட்டும் கட்டாயமானது. எனவே ஒன்பதாம் வகுப்பில் 41 எடுத்த ஒரு மாணவன், ஆண்டு முழுவதும் ஓரளவு ஒழுங்காக வந்தால், தேர்ச்சி பெறாமல் போவதற்கான காரணம் எதையும் நான் பார்க்கவில்லை. ஒருவேளை தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வந்துவிடும், ஆண்டு வீணாகாது. இதை உங்களை அலட்சியமாக இருக்கச் சொல்வதற்காக எழுதவில்லை. பயத்தில் எடுக்கும் முடிவுகளால்தான் வீட்டில் பணமும் பிள்ளையின் மனமும் சேர்ந்து கரைகின்றன, அதனால் எழுதுகிறேன்.

இனி அந்த வகுப்பு. மே மாதத்திலேயே பாதிப் பாடத்தை முடிப்பது நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நானே மே மாதத்தில் பிள்ளைகளை வரவழைத்து, நல்ல எண்ணத்தோடுதான், கணிதத்தில் மூன்று இயல்களை நடத்தி முடித்திருக்கிறேன். அது தவறு என்பதை எனக்குக் காட்டியவன் அந்த வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த மாணவன். ஜூன் மாதம் அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, எக்ஸ் வர்க்கம் மைனஸ் 2 எக்ஸ் மைனஸ் 15 சமம் பூச்சியம் என்று எழுதி, மூலங்களின் தன்மையைக் கேட்டேன். ‘பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி’ என்று சூத்திரத்தைத் தடுமாறாமல் சொன்னான். ஏ, பி, சி மூன்றின் மதிப்பையும் சரியாக எடுத்து எழுதினான். பிறகு 4 மைனஸ் 60 என்று போட்டு, விடை மைனஸ் 56, ஆகவே மெய் மூலங்கள் இல்லை என்று முடித்து, சாக்பீஸை வைத்துவிட்டு, சரியாகச் செய்துவிட்ட நிறைவோடு என்னைப் பார்த்தான். உண்மையில் அந்த இடத்தில் மைனஸ் 4-ஐ மைனஸ் 15-ஆல் பெருக்க வேண்டும், அது பிளஸ் 60 ஆகும், கூட்டினால் 64, அதன் வர்க்கமூலம் 8, மூலங்கள் 5-உம் மைனஸ் 3-உம். அவன் தவறியது பத்தாம் வகுப்புக் கணக்கில் இல்லை. இரண்டு மைனஸைப் பெருக்கினால் பிளஸ் வரும் என்பது ஏழாம் வகுப்பில் முழுக்களைப் படிக்கும்போது வருவது. நான் மே மாதம் முழுவதும் அந்த ஓட்டையின் மேல் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன்; ஓட்டை இருப்பதே எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

இன்னொரு கேடும் உண்டு. அது இதைவிடப் பெரியது. கோடையில் ஒருமுறை கேட்ட பாடத்தை ஜூனில் பள்ளி ஆசிரியர் நடத்தும்போது, இது எனக்குத் தெரியும் என்று மாணவன் கவனத்தை விட்டுவிடுகிறான். உண்மையில் அவனுக்கு நினைவிருப்பது தலைப்பும் ஒரு சூத்திரமும்தான். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்ததை மீண்டும் தொடாவிட்டால் முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலுமே பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பதும், இடைவெளி விட்டு மறுபடி மறுபடி தொட்டால் நிலைக்கிறது என்பதும் அவர் கண்டவை. நாளுக்கு ஏழு மணி நேரம், ஒரே மாதத்தில் பாதிப் புத்தகம் என்னும் ஏற்பாட்டில் மறுபடி தொடுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புகள் நடத்த வேண்டாம் என்று பள்ளிக் கல்வித் துறை பள்ளிகளுக்குப் பலமுறை அறிவுறுத்தியிருப்பதில் கத்திரி வெயிலைத் தவிர இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை, ஓட்டைகள் எங்கே என்று பார்ப்பது. அதற்கு ஆசிரியர் தேவையில்லை, நீங்களே செய்யலாம். ஒரு தாளில் இந்தப் பத்துக் கணக்குகளை எழுதிக் கொடுங்கள். மைனஸ் 7-உடன் 3-ஐக் கூட்டினால் என்ன? மைனஸ் 4-ஐ மைனஸ் 6-ஆல் பெருக்கினால் என்ன? அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் எவ்வளவு? முக்காலை எட்டில் மூன்றால் வகுத்தால் எவ்வளவு? 800 ரூபாயில் 12.5 சதவீதம் எவ்வளவு? ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தால் 16 வருகிறது. அந்த எண் எது? 7 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு என்ன? செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள் 6 செ.மீ., 8 செ.மீ. என்றால் கர்ணம் எவ்வளவு? பெருக்கினால் 12-உம் கூட்டினால் 7-உம் தரும் இரண்டு எண்கள் எவை? பெருக்கினால் மைனஸ் 15-உம் கூட்டினால் மைனஸ் 2-உம் தரும் இரண்டு எண்கள் எவை? விடைகள் வரிசையாக: மைனஸ் 4, 24, ஆறில் ஐந்து, 2, 100 ரூபாய், 7, 154 சதுர செ.மீ.; 10 செ.மீ.; 3-உம் 4-உம்; மைனஸ் 5-உம் 3-உம்.

இது தேர்வு இல்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். எந்தக் கணக்கு தவறியது என்பதை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு தவறினால் முழுக்கள்; அடுத்த இரண்டு தவறினால் பின்னங்கள்; கடைசி இரண்டு தவறினால் காரணிப்படுத்துதல். என் வகுப்புகளில் நாற்பதைச் சுற்றி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பின்னத்திலும் குறிகளிலும்தான் நின்றுபோயிருந்தார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுவது. ஐந்தில் இரண்டு பங்கு அரையைவிடக் குறைவு ஆயிற்றே, கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டால் திகைத்துப் போவார்கள். உங்களுக்குத் தையல் தெரியும். அரை மீட்டர் துணியையும் கால் மீட்டர் துணியையும் சேர்த்தால் எவ்வளவு என்று அவனையே அளக்கச் சொல்லுங்கள். என்னுடைய சாக்பீஸை விட உங்கள் இஞ்சு டேப்பில் இது வேகமாகப் புரியும்.

அடித்தளம் சரியானதும் கையில் எடுக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகம். அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லை. பத்தாம் வகுப்பின் எட்டு இயல்களில் பலவும் ஒன்பதாம் வகுப்பு விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அங்கே படித்த கண மொழி இங்கே உறவுகளும் சார்புகளுமாகத் தொடர்கிறது. அங்கே இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவும் நடுப்புள்ளியும் கண்டவன்தான் இங்கே சாய்வும் நேர்க்கோட்டின் சமன்பாடும் காண முடியும். அங்கே 30, 45, 60 பாகைகளுக்கான சைன், காஸ், டேன் அட்டவணையை மனத்தில் பதித்தவனுக்கு இங்கே உயரங்களும் தொலைவுகளும் கணக்கு படம் வரைந்தவுடன் பாதி முடிந்துவிடும். இயற்கணிதத்தில் காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும் காரணிப்படுத்துதலும் தெரியாமல் பத்தாம் வகுப்பின் மூன்றாம் இயலுக்குள் நுழைந்தால், அந்த நீண்ட இயல் முழுவதும் ஆசிரியர் எழுதுவதைப் பார்த்து எழுதும் வேலையாகவே கழியும். இந்த நான்கும் போதும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை முடிக்கச் சொல்லாதீர்கள்.

எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். ஊரிலிருந்து திரும்பிய பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். விடுமுறை எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு மூன்று வாரமாவது கிடைக்கும். அதுவே 36 மணி நேரம். 45 நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் 48 பாடவேளை, அதுவும் ஒரே ஒரு மாணவனுக்கு. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, வெயில் ஏறுவதற்கு முன்பு முடித்துவிடலாம். முதல் ஒரு மணி நேரம் கணிதம். ஐந்து பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு மற்றவை. மதியத்தில் படிக்க வைக்காதீர்கள். தகரக் கூரைக்கும் மொட்டை மாடிக்கும் கீழே மே மாத மதியத்தில் உட்கார்ந்து படிப்பது யாராலும் ஆகாது. இரவுத் தூக்கத்தையும் குறைக்காதீர்கள். பகலில் படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான்.

நேரத்தைவிட முக்கியமானது, அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பது. பிள்ளைகள் படிப்பது என்று நினைப்பது பெரும்பாலும் திறந்த புத்தகத்தின் வரிகளைத் திரும்பத் திரும்பக் கண்ணால் ஓட்டுவதைத்தான். வரி பழகிப் போவதால் பாடம் தெரிந்துவிட்டது போல ஒரு நம்பிக்கை வருகிறது. புத்தகத்தை மூடியதும் கை நின்றுவிடுகிறது. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை மறுபடி மறுபடி படித்தவர்களும், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும் இரு பிரிவு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நம் ஆசிரியர்கள் ‘பார்க்காமல் எழுதிக் கொண்டு வா’ என்று சொல்லி வந்ததற்கு இது நல்ல ஆதாரம்.

கணிதத்தில் இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ஒரு கோடு போடாத நோட்டை விரித்தால் இரண்டு பக்கம் தெரியும். இடப்பக்கத்தில் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுத வேண்டும். வலப்பக்கத்தைக் காலியாக விட வேண்டும். மறுநாள் காலை, இடப்பக்கத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, கேள்வியை மட்டும் பார்த்து, வலப்பக்கத்தில் போட வேண்டும். நின்றுபோன வரியில் பென்சிலால் ஒரு சுழி. சுழித்த கணக்கை மூன்றாவது நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. நாளொன்றுக்கு ஐந்து கணக்குக்கு மேல் வேண்டாம். இந்த முறையில் நூறு கணக்கு வலப்பக்கத்தில் போட்ட மாணவன் ஜூன் மாதத்தில் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் பாடத்தோடு வருவான். கணக்கை அழிப்பானால் அழிக்க விடாதீர்கள். தவறிய வரி தெரிய வேண்டும், அதை வைத்துத்தான் ஆசிரியர் உதவ முடியும்.

ஒன்பதாம் வகுப்பில் அந்த நான்கும் போதும் என்று சொன்ன நானே ஒரு விலக்குச் சொல்கிறேன். கணிதத் தாளின் கடைசி 16 மதிப்பெண் ஒரு வடிவியல் வரைபடத்துக்கும் ஒரு வரைபடத்தாள் கணக்குக்கும் உரியது. இவை இரண்டும் கைப்பழக்கம். சைக்கிள் ஓட்டுவது போல. மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் வயதுப் பையன்களுக்கு, கணிதம் வராது என்று நம்புகிறவர்களுக்குக்கூட, காம்பஸைக் கையில் கொடுத்தால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் உள்ள முக்கோண வரைதல்களை, நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் ஆகியவற்றை, வாரத்துக்கு இரண்டு வரையட்டும். காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால் புதிது வாங்குங்கள். வில் போடும்போது விரிந்துவிடும் காம்பஸால் எத்தனையோ பிள்ளைகள் இரண்டு மில்லிமீட்டர் தவறி மதிப்பெண் இழந்திருக்கிறார்கள். பென்சில் முனை கூர்மையாக இருக்க வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்குப் பதிலாக நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான்.

அறிவியலில் அவன் 46 எடுத்ததற்கு மனப்பாடம் போதாததுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியலில் முதல் இருபது தனிமங்களின் குறியீடும் இணைதிறனும் தெரியாமல் ஒரு சமன்பாட்டையும் சமன் செய்ய முடியாது. அதைச் செய்ய முடியாதவனுக்குப் பத்தாம் வகுப்பின் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடம் முதல் நாளிலேயே மூடிக்கொள்ளும். ஒரு காலண்டர் அட்டையின் பின்புறத்தில் இருபது தனிமங்களையும் எழுதி, தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவையுங்கள். நாளுக்கு இரண்டு வீதம் பத்து நாளில் முடிந்துவிடும். நீங்களும் கேள்வி கேட்கலாம். இயற்பியலில் ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடுகளை வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் அலகு என்ன என்று எழுதப் பழகினால் போதும். உயிரியலைப் பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் வரைந்து பாகம் குறிப்பதில் விருப்பம் இருந்தால் வரையட்டும், தடுக்க வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு பழக்கம்: நாள்தோறும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியை உரக்கப் படித்து, மூடிவைத்துவிட்டு, அதில் ஐந்து வாக்கியங்களைத் தன் சொல்லில் எழுத வேண்டும். பிழை வரும், வரட்டும். தமிழில் அறுபதைத் தாண்டியவனுக்குக் கவலை இல்லை, இலக்கணத்தில் யாப்பை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் வினா, நேர், நிரை பிரிக்கத் தெரிந்தவனுக்கு முழு மதிப்பெண் தரும் வினா. சமூக அறிவியலை இந்தக் கோடையில் தொடவே வேண்டாம்.

யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி உங்களுக்கு எழும். உங்கள் தெருவில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார்கள். பின்னமும் குறியும் காரணிப்படுத்துதலும் சொல்லிக் கொடுக்க அவர்களே போதும். நாளுக்கு முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்லி, உங்களால் இயன்றதைக் கொடுங்கள், அல்லது ஒரு ரவிக்கை தைத்துக் கொடுங்கள். அரசுப் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். அதை போனில் ஸ்கேன் செய்தால் விளக்கப் பாடங்கள் கிடைக்கும். அவன் கையிலேயே இருக்கும் போன் அந்த நேரத்துக்கு உதவட்டும். மற்றபடி, படிக்கும் இரண்டு மணி நேரமும் போன் வேறு அறையில், உங்கள் போனும் சேர்த்து. மீதி நேரத்தில் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். பிடுங்கிய போனைத் தேடுவதிலேயே அவனுடைய நாள் போய்விடும்.

இனி நான் எழுதத் தயங்கும் ஒன்று. அண்ணன் மகளின் 478-ஐ இனி அவனிடம் சொல்லாதீர்கள். உங்கள் மனத்தில் அது ஒரு நம்பிக்கை. அவன் காதில் அது விழுவது வேறு மாதிரி. அந்தப் பெண் எந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கினாள், எந்தப் பாடம் அவளுக்கு எளிது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தன்னைவிட அவளைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை, பிள்ளைகளுக்கு உண்டாகும் மன அழுத்தத்தைக் கருதி, 2017-இல் தமிழக அரசே நிறுத்திவிட்டது. வீட்டுக்குள்ளும் நாம் அதை நிறுத்தலாம். அவன் எழுந்து வெளியே போவது திமிர் இல்லை, சகோதரி. பதில் சொல்ல முடியாதவன் செய்யக்கூடிய ஒரே காரியம் அது. முப்பது ஆண்டுகளுக்கு அருகில் இந்த வயதுப் பையன்களோடு இருந்தவன் சொல்கிறேன். கேலியும் ஒப்பீடும் கேட்டு நன்றாகப் படித்த ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை, நேற்று மூன்று சுழி இருந்தது, இன்று ஒன்றுதான் இருக்கிறது என்று யாரோ கவனித்துச் சொன்னதால் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவன் படிக்கும் நேரத்தில் நீங்கள் அருகில் இருங்கள். ஆனால் மேற்பார்வை பார்க்க வேண்டாம். உங்கள் தையல் மெஷினில் உங்கள் வேலையைச் செய்யுங்கள். அப்பாவும் வாரத்தில் ஒரு நாள் வண்டியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு கணக்கை எனக்குச் சொல்லிக் கொடு என்று கேட்கட்டும். தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் தெரியாதது எது என்று அவனுக்கே புலப்படும். அவனுக்கு மனச்சோர்வு, தேர்வு பயம் அதிகம் இருப்பதாகத் தெரிந்தால், 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் இலவச உதவி எண்ணில் பேசலாம்; பெற்றோரும் பேசலாம்.

இந்தத் திட்டத்தை அவனிடம் உத்தரவாகச் சொல்லாமல், பேரமாகப் பேசுங்கள். பாட்டி வீடு முழுதாக உன்னுடையது. திரும்பி வந்ததும் காலை இரண்டு மணி நேரம் என்னுடையது. ஒன்பது மணிக்கு மேல் கிரிக்கெட்டுக்குப் போவதை நான் கேட்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு நீங்களும் அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டும். எட்டரைக்கு மேல் ‘இன்னும் ஒரு கணக்கு’ என்று கேட்டால் மறுநாளிலிருந்து அவன் எட்டு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவான்.

வெள்ளிக்கிழமை அவன் பையில் துணிமணிகளோடு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு 80 பக்க நோட்டு, நீங்கள் கொடுத்த பத்துக் கணக்கில் தவறியவை எழுதிய ஒரு தாள், இவை மட்டும் இருக்கட்டும். புத்தகம் வேண்டாம். அங்கே காலையில் இருபது நிமிடம், தவறிய வகைக் கணக்குகளில் தானே நான்கு உண்டாக்கி, தானே போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாள் விட்டுப் போனால் கேட்காதீர்கள். போனில் பேசும்போது கிணற்றில் குளித்தாயா, பாட்டி என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், அந்த நோட்டையும் சுழி போட்ட வலப்பக்கங்களையும் எடுத்துக்கொண்டு அவனுடைய கணித ஆசிரியரை ஒரு மாலையில் போய்ப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் சொல்லும்.